வட்டத்தின் உச்சியில் ஒரு கையெழுத்து

“ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஐயா, கீழே கையெழுத்திட்டிருக்கும் தெருவாசிகளாகிய நாங்கள் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்…”

என் மேசை மேல் இருக்கும் கார்பன் நகல் இப்படித் தொடங்குகிறது. வாசகம் எங்கள் தெரு டைம்கீப்பர் மாமாவுடையது. எழுதிய கை என்னுடையது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. மாமா காலமான பிறகு வீட்டைக் காலி செய்த அவர் மகன், “இது ஒன் கையெழுத்து தானக்கா?” என்று சென்ற ஆண்டு கொண்டுவந்து கொடுத்தான். முத்து முத்தான அந்த எழுத்தைப் பார்த்ததும் முதலில் பெருமைதான் வந்தது. வெட்கம் வர அரை நிமிடம் ஆனது. அந்த வரிசையை மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

மாதமும் ஆண்டும் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் நான் ஏழாவது படித்த ஆண்டு எனக்குத் தெரியும். அந்தப் பள்ளி ஆண்டில் ஒன்பதாம் தேதி செவ்வாயில் விழுந்த மாதங்கள் செப்டம்பர், டிசம்பர் இரண்டுதான்; பழைய நாட்காட்டியை வைத்துச் சரிபார்த்தேன். தாளின் பின்பக்கத்தில் என் அம்மா பென்சிலில் “மைதா, சர்க்கரை, தேங்காய் நாலு, கலகலா பொரிக்கப் பெரிய சட்டி கேட்கணும்” என்று எழுதியிருக்கிறாள். வெற்றுப் பக்கம் எதையும் விட்டுவைக்காதவள் அவள். எங்கள் வீட்டில் கலகலா செய்வது கிறிஸ்துமஸுக்கு மட்டும். ஆகவே டிசம்பர். இதில் சந்தேகமில்லை. சந்தேகம் வேறொன்றில்.

ராயபுரத்துக்கும் டோல்கேட்டுக்கும் நடுவே வளர்ந்த என் வயதுக்காரர்களே, உங்களுக்கு ரயில்வே கேட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. உங்கள் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டிப் பாதை எங்கள் தெருமுனையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் சிவப்பும் வெள்ளையும் பூசிய நீளக் கம்பம். அதை ஏற்றி இறக்கச் சக்கரம் போன்ற ஒரு கைப்பிடி. பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை வீடு. வீட்டுக்கு வெளியே சுவரில் கைப்பிடி சுற்றிப் பேசும் ஒரு தொலைபேசி. ஸ்டேஷனிலிருந்து அதில் உத்தரவு வந்தால் கேட் மூட வேண்டும், மறு உத்தரவு வந்தால் திறக்க வேண்டும். நடுவில் கேட்கீப்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கம்பம் ஏறாது.

எங்கள் கேட்கீப்பரைத் தெருவே “கேட்டு நைனா” என்று கூப்பிட்டது. அவர் மகள் வீட்டுக்குள் அவரை “நைனா” என்பாள். அது தெருவுக்கும் பரவியது. நீலச் சட்டை, கக்கத்தில் சுருட்டிய பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. எண்ணெய் டின்னில் கனகாம்பரம் வளர்த்தார். இரும்புத் தாது ஏற்றிய வண்டி போனால் அந்தப் பூக்கள் மேல் செந்தூள் படியும். எங்கள் வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைச் சட்டைகள் மேலும் படியும். கோதுமை வண்டி போனால் புறாக்கள் தண்டவாளத்தில் இறங்கும். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது: க்ரீஸ், ஈரக் கோணி, அதன் மேல் கூடையில் வந்து நிற்கும் நெத்திலி.

மூடிய கேட்டின் முன்னால் மனிதர்களைப் பார்க்க வேண்டும். நான் பிற்காலத்தில் மனித சுபாவம் பற்றித் தடித்த புத்தகங்கள் பல படித்தேன். அந்தக் கேட்டில் பார்த்ததற்கு மேல் அவற்றில் அதிகம் இல்லை. ஒருவர் அவசரம் தாங்காமல் சைக்கிளைச் சாய்த்துக் கம்பத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போவார். போனவர் அங்கேயே நின்று ரயில் பெட்டிகளை எண்ணுவார். ஒருவர் மணியடித்துக்கொண்டே இருப்பார், ரயிலுக்குக் கேட்கும் என்பது போல. கேட் மூடியதற்காகக் கேட்டு நைனாவைத் திட்டும் அதே வாய், அவரிடம் குடிக்கத் தண்ணீரும் கேட்கும். அவரும் கொடுப்பார்.

முக்கியமானது இது. காத்திருப்பவர்கள் இடப்பக்கமாக வரிசையில் நிற்க மாட்டார்கள். தெருவின் முழு அகலத்துக்கும் நிரவி நிற்பார்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. கேட் திறந்ததும் இரண்டு படைகள் நெற்றிக்கு நெற்றி முட்டிக்கொள்ளும். ரயில் போய் வெகுநேரம் ஆகியும் ஒருவரும் நகர முடியாது. எல்லாரும் சேர்ந்து சத்தம் போடுவார்கள்: “இன்னா நைனா, எம்மா நேரம் கேட்ட மூடி வெச்சிகினு கீற!” கேட் அவர்கள் தலைக்கு மேல் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும்.

டைம்கீப்பர் மாமா திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். காலையில் வாசலில் நின்று, தாமதமாக வருபவர்களின் எண்ணைச் சிவப்பு மையில் பதிவது அவர் வேலை. பதினெட்டு வருடமாக ஒரு நாளும் தாமதித்ததில்லை என்பதை யாரும் கேட்காமலே சொல்வார். அந்த டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, கேட்டில் மாட்டிக்கொண்டு நான்கு நிமிடம் தாமதமாகப் போனார். பதிவேட்டைத் திறந்து தன் எண்ணைத் தானே சிவப்பு மையில் எழுதினார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை என்று அவர் மனைவி பிறகு அம்மாவிடம் சொன்னார். அவர் பார்த்துவிட்டாரே, அது போதாதா?

மறுநாள் மாலை எங்கள் வீட்டுக்கு ஒரு வரைவோடு வந்தார். புண் அவருடையது, வரைவில் அது பொதுமக்களின் புண்ணாகியிருந்தது.

“ஒன் எழுத்து அச்சு மாதிரி கீதுன்றாங்கோ. அழகா எழுதிக் குடும்மா. அதிகாரி பாத்தா அசந்துடணும்” என்றார்.

பள்ளியில் அனுமதிக்காத பால்பாயிண்ட் பேனாவும் புத்தம்புதுக் கார்பன் தாளும் கொடுத்தார். நான் அப்போதே விலைபோய்விட்டேன். அந்தக் காலத்தில் “லை” எழுதுவதற்கு யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் ஒரு சுழி உண்டு, நினைவிருக்கிறதா? மனுவில் “தொல்லை” ஏழு இடத்தில் வந்தது. ஏழு தும்பிக்கைகளையும் ஒரே அளவில் சுழித்தேன். கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: “ஒவ்வொரு முறையும் கேட் இருபத்தைந்து நிமிடம் அடைபடுகிறது. இதற்குத் தற்போதைய கேட்கீப்பரின் மெத்தனமே காரணம். ஆகவே அவரை உடனடியாக இங்கிருந்து மாற்றி…” அதையும் அதே அழகோடு எழுதினேன். மாற்றினால் அந்த ஓர் அறை வீடும் போகும், என் தோழி பரீட்சைக்கு முன்னால் பள்ளியை விட்டுப் போவாள் என்பது என் பேனாவுக்குத் தெரியவில்லை.

என் தோழி, அதாவது கேட்டு நைனாவின் மகள், அடுத்த நாள் சாயங்காலம் அதைப் படித்தாள். நான்தான் காட்டினேன். ஒளித்து வைக்க வேண்டிய தாள் என்று தோன்றவே இல்லை. கனகாம்பர டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல், உதடு அசையப் படித்தாள். அந்த மனுவை முதலிலிருந்து கடைசிவரை படித்தவர் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான் என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

“எம்மே, இது எங்க நைனாவ பத்தி தான?” என்றாள்.

“ஆமா. அத்த வுடு. ‘தொல்லை’ எப்டி சுழிச்சிகீறேன் பாரு” என்றேன்.

அவள் பார்த்தாள். பிறகு, “இருவத்தஞ்சு நிமிஷம்னு போட்டுகீது. கேட்டு மூடறது பத்து, பதினோரு நிமிஷம் தான். மீதி நீங்கோ அடிச்சிகினு நிக்கிற நேரம். அதுவும் எங்க நைனா தலைலயா?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “நைனாகிட்ட சொல்லுவியா?”

அவள் தாளை மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்தாள். “ஒன் கையெழுத்து நல்லா தான் கீது” என்று சொல்லிக் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் எங்கள் வாசலில் கூடினார்கள். மனு அருமை என்றார்கள். ஒருவரும் படிக்கவில்லை. பேனாதான் கைமாறிக்கொண்டே இருந்தது.

“நீ போடு மாமு. நீ தான பெரியவன்.”

“நானா? மொதல்ல போட்றவன தான மொதல்ல கூப்டுவான்?”

“எயுதினவரு போடட்டும்.”

டைம்கீப்பர் மாமா சட்டைப் பையில் எதையோ தேடத் தொடங்கினார். காசிமேட்டிலிருந்து தினமும் கூடையோடு வரும் மீன்கார அத்தை அங்கே ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தார். “அய்ய, இன்னா ஆம்பளைங்கோ! கேட்டாண்ட கத்த சொல்லோ எம்மாம் பெரிய வாய் இருந்துச்சி, இப்ப ஒரு வெரல் கூட காணோமே!” என்றார்.

அதைத் தீர்த்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கிரேன் மாமா. “கப்பல்ல மாலுமிங்கோ கேப்டன் மேல புகார் குட்த்தா வரிசையா கையெழுத்து போட மாட்டானுங்கோ. வட்டமா போடுவானுங்கோ. எவன் மொதோ, எவன் கடசின்னு தலகீழா நின்னாலும் தெரியாது” என்றார். கிரேன் மாமாவின் கப்பல் கதைகளில் முக்கால்வாசி கலப்படம். இது மட்டும் உண்மை. மாலுமிகளிடையே அப்படி ஒரு வழக்கம் இருந்ததைப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மனுவுக்குக் கீழே கார்பனும் நகலும் வைத்து, அம்மாவின் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, மனுவின் அடியில் சுற்றிக் கோடு போட்டோம். கூட்டத்துக்கு உயிர் வந்தது. ஆனால் வட்டத்துக்கும் ஒரு தலை உண்டு என்பதை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்துக்கு ஒருவரும் போகவில்லை. ஐந்துக்கும் ஏழுக்கும் நெரிசல். டைம்கீப்பர் மாமா சரியாக ஆறில், எறும்பு நடந்தது போலப் போட்டார். மீன்கார அத்தை மூன்றில் கட்டை விரலை உருட்டினார். வட்டம் அடியில் கனத்து, உச்சியில் வழுக்கையாக நின்றது.

இன்னும் சில பேர் பாக்கி. “மூடின கேட்ட வுட நல்ல எடம் ஏது? நிக்கிறவன் எங்க ஓடுவான்?” என்று தாளை வாங்கிக்கொண்டார் மீன்கார அத்தை. திங்கள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் நானும் அங்கே இருந்தேன். கேட் மூடியிருந்தது. நகலோடு அட்டையில் செருகிய தாள் கைக்குக் கை போனது. சைக்கிள் இருக்கை மேல் வைத்து ஒருவர், இன்னொருவர் முதுகில் வைத்து ஒருவர். கம்பத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துக்கும் தாளை அனுப்ப வேண்டியிருந்தது. நடுவில் நின்றவர் கேட்டு நைனா. அந்தப் பக்கமும் போட்டு முடித்துத் திருப்பும்போது யாரோ பழக்கத்தில் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

“இன்னாமே இது?”

“கேட்டு தொல்லைய பத்தி நைனா. எல்லாரும் போட்டுட்டாங்கோ” என்றார் மீன்கார அத்தை. அவருக்குப் படிக்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“அப்ப நானும் போடணும். என்ன வுட இந்த கேட்டால கஷ்டப்பட்றவன் யாரு கீறான்?”

அப்போது வண்டி வந்துவிட்டது. நீளமான வண்டி. வலது கையில் பச்சைக் கொடியை நீட்டிக்கொண்டு, இடது கையில் தாளைப் பிடித்தபடி நின்றார். கண் தாளில் இருந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை அப்படியே நின்றார். படித்தாரா, சத்தம் அடங்கக் காத்திருந்தாரா, எனக்குத் தெரியவில்லை. அவர் மகள் பள்ளிப் பையோடு வாசலில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கொடியைக் கக்கத்தில் செருகிவிட்டுப் பேனாவை வாங்கினார். எங்கே இடம் இருக்கிறதென்று பார்த்தார். உச்சியில் தாராளமாக இருந்தது. முழுப் பெயரையும் எழுதினார்.

சாயங்காலம் தாளைப் பார்த்த டைம்கீப்பர் மாமா கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைத்துக்கொண்டு, “நல்லதா போச்சு. அவனே ஒத்துகினான்” என்று உறையை ஒட்டினார்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் அதிகாரி வந்தார். அவருடைய ஜீப் கேட்டுக்கு அந்தப் பக்கம் பதினோரு நிமிடம் நின்றது. கேட் திறந்த பிறகு எங்கள் நடுவில் கால் மணி நேரம் நின்றது. இறங்கி நடந்தே வந்தார். அன்று டைம்கீப்பர் மாமா வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டிருந்தார்.

“இது உங்க கையெழுத்தா?” என்று மனுவை நீட்டிக் கிரேன் மாமாவைக் கேட்டார்.

“என்துதான் சார். எல்லாரும் போட்டாங்கோன்னு போட்டேன்.”

“இவர் மேல உங்களுக்கு என்ன புகார்?”

“நைனா மேலயா? தங்கம் சார் அவரு!” என்றார் கிரேன் மாமா, நெஞ்சில் கை வைத்து. “பாருங்கோ, அவரே மொதல்ல போட்டுகீறாரு. அவரே போட்ட அப்பால நாங்கோ இன்னா சார் பண்றது?”

அவர் போட்டது எல்லாருக்கும் கடைசியாக. ஆனால் வட்டத்தில் அது தெரியாதே. மாலுமிகள் கெட்டிக்காரர்கள்.

“சரி, எழுதினது யாரு?”

அன்று எங்கள் தெரு ஒற்றுமையாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்று. எல்லா விரலும் என் பக்கம் திரும்பின. அதிகாரி குனிந்து, “நீயாம்மா? யார் சொல்லி எழுதினே?” என்றார். டைம்கீப்பர் மாமா என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லியிருந்தால் புகாரின் வேர் அவருடைய நான்கு நிமிடம் என்பது வெளியே வந்திருக்கும். ஆனால் எழுத்து என்னுடையது என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

“கொழந்தய கேக்காதீங்கோ சார். நான் தான் எயுத சொன்னேன்” என்றார் கேட்டு நைனா.

“உன் மேலயே புகாரா?”

“கைப்பிடி என்கிட்ட கீது. தொறக்கற உத்தரவு ஃபோனுல கீது. திட்டு மட்டும் எனக்கு வருது. நான் புகார் குடுக்காம வேற யாரு சார் குடுப்பாங்கோ?”

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டார். நான் சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. கிரேன் மாமா அதை உரக்கப் படித்தார். எண்ணூரைத் தாண்டி ஒரு கேட்டுக்கு மாற்றம், “ஊழியரின் சொந்த விருப்பத்தின் பேரில்”. கேட்கீப்பரை மாற்றும்படி கேட்ட மனுவின் உச்சியில் கேட்கீப்பரே கையெழுத்திட்டிருந்தால், அலுவலகம் வேறெப்படிப் படிக்கும்? விரும்பிக் கேட்டுப் போகிறவர் புது இடத்தில் பணி மூப்பில் எல்லாருக்கும் கீழேதான் நிற்க வேண்டும் என்று கேட்டு நைனா விளக்கினார், வானிலை சொல்வது போல.

அவர்கள் போனது சாம்பல் புதனுக்குப் பிந்தைய சனிக்கிழமை. தெருவே வந்தது. மீன்கார அத்தை ஒரு பை கருவாடு கொண்டுவந்தார். டைம்கீப்பர் மாமா தன் வீட்டு அலாரம் டைம்பீஸைக் கொடுத்தார். கேட்டு நைனா அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “நல்லா ஓடுது” என்றார். என் தோழி உடைந்த சிக்னல் விளக்கின் பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்றை என் கையில் வைத்தாள். இரண்டு வீடு மாறியதில் அதைத் தொலைத்துவிட்டேன்.

சாமான் ஏற்றிய கைவண்டி கேட்டுக்குப் போனபோது, புதிதாக வந்திருந்தவர் கம்பத்தை இறக்கினார். வண்டி நின்றது. பழக்கத்தில் எல்லாரும் தெருவின் முழு அகலத்துக்கும் பரவினோம். டைம்கீப்பர் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கம்பம் ஏறியதும் மறுபடி பார்த்தார்.

“பதினோரு நிமிஷம்” என்றார், யாரிடமும் அல்லாமல். பிறகு அதுவரை அவர் தொண்டையில் நான் கேட்டிராத சத்தத்தில் கத்தினார்: “ஓரமா நில்லுங்கோ! ஓரமா! வண்டி போவட்டும்!”

ஒருவரும் நகரவில்லை. அவரே கைவண்டிக்கு முன்னால் நடந்து, தோளால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார்.

இன்று அந்தக் கேட் இல்லை. சுரங்கப்பாதை வந்துவிட்டது. மழைக்கு அதில் தண்ணீர் நிற்கும்; இரு பக்கமும் முழு அகலத்துக்கும் வண்டிகள் நிற்கும். சென்ற மாதம் மணலி புதுநகருக்குப் போனேன். என் தோழி அங்கே மகன் வீட்டில் இருக்கிறாள். டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் ஆட்டோவில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. நகலைக் காட்டினேன். கார்பன், அழுத்திய கையை அழுத்தமாகவும் பயந்த கையை மங்கலாகவும் காட்டும். ஆறாம் மணி இடத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். உச்சியில் இருக்கும் பெயர் நேற்று எழுதியது போல இருக்கிறது.

அதன் மேல் விரலை ஓட்டினாள். “நைனா எப்பவும் அழுத்தி தான் எயுதுவாரு.”

“அன்னிக்கே நைனாகிட்ட சொல்லிட்டியா?”

“சாப்புடு. கொழம்பு ஆறுது” என்று இன்னொரு வஞ்சிரத் துண்டை வைத்தாள்.

சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து மறுபடி கேட்டேன். அவள் தாளை அதன் பழைய மடிப்பிலேயே மடித்து என் பையில் வைத்தாள்.

“ஒன் கையெழுத்து நல்லா தான் கீது” என்றாள்.

தேதி, மாதம், நிமிடங்கள் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துதான் கேட்டு நைனா கையெழுத்திட்டாரா என்பதை மட்டும் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.